ஜிம்னிக்கு வீட்டிலேயே 2 இன்ச் லிஃப்ட்: 28,000 கி.மீ. ஓடிய பிறகு

லிஃப்ட் என்றால் உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்துவது. மாருதி ஜிம்னி ஜீப்பில் ஸ்பிரிங் மாற்றுவது ஒரு பகல் வேலை. வண்டி உயர்ந்ததால் கோணம் மாறிப்போன பாகங்களைச் சரிக்கட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. கிட் வாங்கும்போது பெட்டியில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: நாலு ஸ்பிரிங், நாலு நீள ஷாக், நீளமான பிரேக் ஹோஸ், முன்னுக்கும் பின்னுக்கும் அட்ஜஸ்டபிள் பான்ஹார்ட் ராடு (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), காஸ்டர் புஷ் (முன் ஆக்ஸிலின் சாய்வைச் சரிக்கட்டும் ரப்பர் புஷ்). கடைசி இரண்டையும் விட்டுவிட்டு மலிவாகத் தரும் கிட் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜிம்னி முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. ஸ்பிரிங் உயர்த்தினால் பாடியும் சேஸும்தான் மேலே போகும். ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் கியர் உருண்டையான டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அது உயர டயர்தான் பெரிதாக வேண்டும். 195/80 R15-இலிருந்து 215/75-க்குப் போனால் வெறும் 5 மி.மீ., 235/75-க்குப் போனால் 20 மி.மீ.

வேலைக்கு சிமென்ட் தரை வேண்டும். கரிசல் மண்ணிலோ பேவர் கல்லிலோ ஸ்டாண்டு நிறுத்தாதீர்கள். தூக்கும் முன், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையும் அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும்.

3 டன் ஸ்டாண்டு இரண்டை சேஸுக்கு அடியிலும், ட்ராலி ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியிலும் வையுங்கள். ஏபிஎஸ் வயர் கிளிப், பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஸ்டெபிலைசர் லிங்க் இவற்றை முதலில் கழற்ற வேண்டும். மறந்துவிட்டு ஆக்ஸிலை இறக்கினால் வயர் அறுந்துவிடும். பிறகு ஷாக்கின் கீழ் போல்ட். ஆக்ஸில் இறங்கியதும் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும், ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் தேவையில்லை. புது ஸ்பிரிங்கின் வால் முனை கீழ்த் தட்டின் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். காஸ்டர் புஷ்ஷுக்கு மட்டும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். புஷ் உட்காரும் ஆர்மை (முன் ஆக்ஸிலை சேஸோடு இணைக்கும் கையை) கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் போதும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புஷ்ஷின் வெளிவளையம் கோணிவிடும்.

அதிகம் பேர் தப்பு செய்யும் இடம் இது: ரப்பர் புஷ் உள்ள போல்ட் எதையும் வண்டி அந்தரத்தில் இருக்கும்போது முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் நின்ற பிறகே டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்). இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழியும்.

பான்ஹார்ட் ராடுக்குத் தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள். ஃபெண்டரிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ரிம்முக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபக்கமும் அளந்தால், வித்தியாசத்தில் பாதிதான் ஆக்ஸில் நகர்ந்த அளவு. ராடை அந்த அளவுக்குத் திருகுங்கள். முன்பக்கம் போல்ட் துளை சேராவிட்டால் ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் போதும், தானாக வந்து சேரும்.

ஸ்டீயரிங் கோணலாக நின்றால் டிராக் லிங்க் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) ஸ்லீவில் நேராக்குங்கள். அப்படியே ஓட்டினால் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் அமைப்பு) விளக்கு எரியலாம். ஆக்ஸிலை முழுதும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இருபக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் விறைக்கிறதா என்று பார்க்காமல் ரோட்டில் எடுக்காதீர்கள். 500 கி.மீ.யில் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள்.

ஓட்டத்தில் தெரிந்தவை: ஸ்பிரிங் 8 மி.மீ. அமுங்கி நின்றுவிட்டது. பம்பரும் வின்ச்சும் இல்லாத வண்டிக்கு லைட் ஸ்பிரிங்தான் சரி; ஹெவி போட்டால் நத்தம் ரோடு மேம்பால ஜாயின்ட் ஒவ்வொன்றும் முதுகில் இடிக்கும். காஸ்டர் புஷ் இல்லாமல் ஓட்டியபோது 70-க்கு மேல் ஸ்டீயரிங் திரும்பி வர மறுத்தது, பள்ளத்தில் விழுந்தால் உதறியது. போட்டதும் இரண்டும் நின்றன. ஆடிக்காற்றில் உசிலம்பட்டி பக்கம் போனால் வண்டி முன்பைவிட அதிகம் தள்ளாடும், 80-ஐத் தாண்ட வேண்டாம். சிறுமலை வளைவுகளிலும் பாடி கூடுதலாகச் சாயும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது; 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விழலாம். இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் இதே பேச்சு வரும். தேவைப்பட்டால் திரும்ப மாட்ட, பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.