வேனில் பேட்டரி போட்டிருந்தால் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்

கெப்போங் பக்கம் ஒரு பட்டறையில் என் வேனுக்கு பேட்டரியும், அதை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் போட 3,200 வெள்ளி கொடுத்தேன். பணம் போனதைவிட என்னை உறுத்துவது வேறு. அந்த வேனில் என் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் தூங்கினார்கள். அவர்கள் தலைமாட்டிலேயே, எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கக்கூடிய ஒரு பெட்டி இருந்தது. கோலாலம்பூரில் இப்போது வேனை கேம்பிங்குக்கு மாற்றுகிற குடும்பங்கள் நிறைய. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது பழைய நிசான் வானெட். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டேன். எங்களுக்குத் தேவைப்பட்ட மின்சாரம் கொஞ்சம்தான். 350 வாட் சின்ன ரைஸ் குக்கர், 12 வோல்ட்டில் ஓடும் இரண்டு காற்றாடி, கைப்பேசிகள், அப்புறம் அப்பாவின் சீபேப் மெஷின். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். அந்த மெஷின் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்தால்தான் நிம்மதியாகத் தூங்குவார். அதில் தண்ணீர் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் சுமார் 40 வாட்தான் இழுக்கும். சோறு ஒரு முறை வேக ஏறக்குறைய 150 வாட் ஹவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் ஹவர்), எட்டு மணி நேரம் மெஷினுக்கு 320, காற்றாடிகளுக்கு 240. எல்லாம் சேர்த்து 710. 100 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 12.8 வோல்ட்டால் பெருக்கி 1,280 வாட் ஹவர். இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தாலும் தாராளமாகப் போதும். இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். பட்டறைக்காரர் தமிழில் பேசுகிறவர், சாமி படத்துக்குப் பூ போட்டிருக்கிறார், பட்டறையும் சுத்தமாக இருக்கிறது. நம்பிவிட்டேன்.

"100 ஏஎச் லித்தியம், 2,000 வாட் இன்வெர்ட்டர், பியூர் சைன் வேவ், ஓட்டும்போதே சார்ஜ் ஆகும், ஒரு வருடம் வாரண்டி" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பியிருந்தார். ரசீது வேண்டாம் என்றால் 200 வெள்ளி குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். நானும் சரி என்றேன். கையில் கிடைத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் '1 செட் 3200' என்று மட்டும் இருந்தது.

வேனை எடுக்கப் போனபோது அப்பாவும் வந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, வயரு இவ்வளவு சன்னமா இருக்கு? ஃப்யூஸ் எங்க?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தபடி, "அங்கிள், அது பழைய காலத்துக் கணக்கு. லித்தியத்துக்கு இந்த வயரே போதும், ஃப்யூஸ் உள்ளயே இருக்கு" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கடைக்காரர் பக்கம்தான் தலையாட்டினேன். அதை இன்றைக்கும் நினைத்தால் தாங்க முடியவில்லை. வயருக்கு லித்தியமா, ஆசிட் பேட்டரியா என்பதெல்லாம் தெரியாது. எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. வீட்டில் 230 வோல்ட்டில் 350 வாட் குக்கர் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அதே குக்கருக்கு 12 வோல்ட் பக்கத்தில் 30 ஆம்பியருக்கு மேல் போகிறது. உண்மையிலேயே 2,000 வாட் எடுத்தால் 165 ஆம்பியரைத் தாண்டும். அதற்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள் வேண்டும். எனக்குப் போட்டிருந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர்.

பள்ளி விடுமுறையில் உலு லங்காட், சுங்கை சொங்காக் போனோம். இரவு எட்டு மணிக்குச் சோறு வடித்தோம். குக்கர் ஓடும்போது லேசாகப் பிளாஸ்டிக் வாடை வந்தது. பக்கத்துக் கூடாரத்தில் ஏதோ எரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். பத்தரைக்கு எல்லோரும் படுத்தோம். அப்பாவின் மெஷின் வீட்டில் இல்லாத ஒரு ரீங்காரத்தோடு ஓடியது. அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாலு மணி வாக்கில் விழித்தால் அப்பா படுக்கையில் இல்லை. ஆற்றோரம் மடக்கு நாற்காலியில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்கு முன்னாலேயே மெஷின் நின்றுவிட்டதாம். மெஷின் இல்லாமல் தூங்கப் பயம். குறட்டை சத்தத்தில் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று எங்களையும் எழுப்பவில்லை. எழுபத்திரண்டு வயதில் மூன்று மணி நேரம் அந்தப் பனியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

ராவாங்கில் வயரிங் வேலை செய்யும் என் மச்சானிடம் வேனைக் கொண்டுபோனேன். அவர் முதலில் எந்த மீட்டரையும் எடுக்கவில்லை. பெட்டியைக் கையால் தூக்கினார். "மச்சான், இது நாலு கிலோகூட வராதே" என்றார். 100 ஏஎச் லித்தியம் அயன் பாஸ்பேட் 10, 12 கிலோ இருக்கும். ஆசிட் பேட்டரியாக இருந்தால் 25 கிலோவைத் தாண்டும். அப்புறம் முழுக்க சார்ஜ் ஏற்றி, சீராக 10 ஆம்பியர் இழுத்துப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் அணைந்தது. ஸ்டிக்கரில் 100, உள்ளே 32.

மூடியைத் திறந்தபோதுதான் அவர் முகம் மாறியது. விரல் அளவு உருண்டை செல்கள் வரிசை வரிசையாக. உறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருக்கிற 18650 செல்கள்தான். மூன்று மூன்றாகத் தொடுத்திருந்தார்கள். இந்த வகை செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை, மூன்றுக்கு 12.6. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற வேனின் ஆல்டர்னேட்டர் கொடுப்பதோ 14 வோல்ட்டுக்கு மேல். நடுவில் அதைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் எதுவும் கிடையாது. சுவிட்ச் மாதிரி ஒரு ரிலே மட்டும் வைத்து நேராகக் கோத்திருக்கிறார். எல்லையைத் தாண்டிச் சார்ஜ் ஏறினால் இந்த செல்கள் சூடாகித் தீப்பிடிக்கலாம். உள்ளே இருந்த சின்ன பாதுகாப்புப் பலகை ஒன்றுதான் அதுவரை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. குக்கர் வாடைக்கும் காரணம் தெரிந்தது. பேட்டரி முனைக்குப் பக்கத்தில் வயர் உறை உருகித் தரைவிரிப்போடு ஒட்டியிருந்தது. ஃப்யூஸ் எங்கேயும் இல்லை. இன்வெர்ட்டரும் அவர் சொன்ன பியூர் சைன் வேவ் இல்லை, மாடிஃபைட் சைன் வேவ். மின் அலை வளைவாக வராமல் படிப்படியாகக் குதிக்கும். பல மருத்துவ மெஷின்களுக்கு அது ஆகாது. ரீங்காரம் அதனால்தான். பல சீபேப் மெஷின்களை, அதே தயாரிப்பாளர் விற்கும் 12 வோல்ட் அடாப்டர் வைத்து, இன்வெர்ட்டரே இல்லாமல் ஓட்டலாம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "ரைஸ் குக்கர் போட்டீங்களா? அப்ப வாரண்டி இல்ல" என்றார். குக்கர் போடத்தான் வாங்குகிறேன் என்று சொன்னது என் குரல் பதிவில் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டியதும் உள்ளே போய்விட்டார். அன்று மாலையே என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இப்போது மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிந்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இணையத்திலேயே பதியலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளில் அதற்குக் கட்டுப்படாவிட்டால் அது குற்றம். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம்; தமிழில் பேச ஆள் உண்டு. ரசீது இல்லாததால் எனக்குக் கடையின் பதிவுப் பெயரே தெரியவில்லை. பெயர்ப்பலகையில் சின்னதாக எழுதியிருந்த பதிவு எண்ணைப் படம் எடுத்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த 200 வெள்ளித் தள்ளுபடிக்காக இரண்டு வாரம் அலைந்தேன். துண்டுச்சீட்டு, குரல் பதிவுகள், உருகிய வயர், திறந்த பெட்டியின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

உங்கள் வேனில் ஏற்கெனவே இப்படி ஒன்று போட்டிருந்தால் இன்றைக்கே பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். 100 ஏஎச் என்று ஒட்டியிருந்தும் நாலைந்து கிலோதான் இருந்தால், எஞ்சினை ஓட்டுவதற்கு முன் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து சார்ஜ் வயரைக் கழற்றிவிடுங்கள். நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அதுவரை யாரையும் அந்த வேனில் படுக்கவிடாதீர்கள்.