ஜிபார்டெட்: எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைச் சுருக்குவதற்கு நம்பிக் கையிலெடுக்கக்கூடிய கருவி

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதியில் உள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றின் கணினியில், பூட் செய்வதற்கான சிறு துண்டு தவிர, 1 டெராபைட் வன்தட்டு முழுவதையும் உபுண்டு இயங்குதளத்தின் ஒரே எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் (வன்தட்டின் பிரிவு) பிடித்திருந்தது. பாடக் காணொளிகளுக்கு இடத்தைத் தனியாகப் பிரித்துத் தருமாறு கேட்டார்கள். அதற்கு நான் தெரிவு செய்தது ஜிபார்டெட் என்னும் கட்டற்ற இலவச மென்பொருளை.

எக்ஸ்ட்4 என்பது வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஒரு கோப்பு முறைமை. அதைப் பயன்பாட்டில் இருக்கும்போதே பெருப்பிக்கலாம். சுருக்குவதென்றால் அதை அன்மவுண்ட் செய்தே (இயங்குதளத்தின் பயன்பாட்டிலிருந்து கழற்றியே) ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவே அமர்ந்திருக்கும் ரூட் பார்ட்டிஷனில் அது முடியாது என்பதால், தனியாகவே பூட் ஆகும் வடிவமான ஜிபார்டெட் லைவைப் பென்டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியை பூட் செய்தேன்.

இதை நான் மெச்சுவது, வேலையின் வரிசையை அது தானே காப்பதற்காக. முதலில் ஈ2எஃப்எஸ்சிகே என்னும் கருவி ஐந்து கட்டங்களாகக் கோப்பு முறைமையைப் பரிசோதிக்கிறது. பின்னர் ரீசைஸ்2எஃப்எஸ் என்னும் கருவி அதைச் சுருக்குகிறது. அதன் பிறகுதான் பார்ட்டிஷனின் எல்லை உள்ளே இழுக்கப்படுகிறது. இதையே கையால் கட்டளையிட்டுச் செய்பவர்கள் இடறும் இடம் அலகு. ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு 600ஜி என்று கொடுத்தால் அது 1024இன் மடங்குகளில் கணக்கிடும். அதாவது பத்தின் மடங்குகளில் எண்ணினால் ஏறக்குறைய 644 ஜிகாபைட். அடுத்து பார்ட்டிஷனை மாற்றும் பார்டெட் என்னும் கட்டளைக் கருவியில் எல்லையை 600ஜிபி என்று வைத்தால், அது பத்தின் மடங்குகளில் எண்ணி, கோப்பு முறைமையின் வாலில் 44 ஜிகாபைட் அளவை வெளியே வெட்டிவிடும். பிறகு அது மவுண்ட் ஆகாது. ஜிபார்டெட்டில் புதிய அளவுக்கான கட்டத்தில் 614400 மெபிபைட் என்று ஒரே எண்ணை இட்டால் போதும். கோப்பு முறைமை, பார்ட்டிஷன் இரண்டும் அதற்கு இணங்கவே சுருங்கும்.

பச்சைச் சரிக்குறியை அழுத்தும் வரை வன்தட்டில் எதுவும் மாறுவதில்லை, வரிசையில் இட்ட வேலையை நீக்கிவிடலாம் என்பது பெரிய ஆறுதல். அழுத்திய பின் நிலைமை வேறு. சுருக்கும் வேலையை இடைநடுவில் நிறுத்துவது தரவை இழக்கும் வழி. மாரிகாலத்தில் மட்டக்களப்பில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இதைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். வெளி வன்தட்டில் முழுப் பிரதி எடுத்து, அதிலுள்ள சில கோப்புகளைத் திறந்தும் பார்த்த பின்னரே நான் தொடங்கினேன்.

குறைகளும் உண்டு. பார்ட்டிஷனின் தொடக்க முனையை நகர்த்தச் சொன்னால் உள்ளிருக்கும் தரவு முழுவதும் இடம்பெயர வேண்டும் என்பதால் நேரம் மிக நீளும். முடிந்தவரை வலப்பக்க முனையிலேயே இடம் எடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்னும் வேறொரு கோப்பு முறைமை கொண்ட பார்ட்டிஷனை ஜிபார்டெட்டால் சுருக்கவே இயலாது. அதற்குப் பிரதி எடுத்து, சிறிதாகப் புதிய பார்ட்டிஷன் அமைத்து, தரவைத் திரும்பப் போடுவதுதான் வழி.

சுருங்கிய பார்ட்டிஷனின் யுயுஐடி என்னும் அடையாள எண் மாறாததால் உபுண்டு வழமை போலவே பூட் ஆனது. பாடக் காணொளிகளுக்கான புதிய பார்ட்டிஷனுக்கு பூட் ஆகும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்ததுடன் வேலை முடிந்தது.