எக்ஸ்பி2 ஃபிலிமைக் கழுவ எது நல்லது: சி-41-ஆ, சாதாரண கருப்பு வெள்ளை டெவலப்பரா?

இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் படத்தில் கருப்பு வெள்ளை, அமைப்பில் கலர் நெகட்டிவ். கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறையான சி-41-இன் டெவலப்பரில் வெள்ளி உருவாகும்போதே அதை ஒட்டிச் சாயமும் உருவாகிறது. பிறகு ப்ளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளியை முழுக்க எடுத்துவிடும். மிஞ்சும் சாயம்தான் படம். கருப்பு வெள்ளை டெவலப்பரில் சாயம் உருவாகாது, வெள்ளியே படமாக நிற்கும். இல்ஃபோர்ட் பரிந்துரைப்பது சி-41-ஐத்தான். ஆனாலும் எப்போதாவது ஒரு ரோல் வீட்டில் கழுவுகிறவருக்கு நான் கருப்பு வெள்ளை வழியைத்தான் சொல்வேன்.

சி-41-இன் பலம் தெரிந்ததே. ஒரே ரோலில் ஐஎஸ்ஓ 50 முதல் 800 வரை மாற்றி மாற்றி எடுக்கலாம். வெளிச்சம் கூடினால் க்ரெயின் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) இன்னும் மென்மையாகும். ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கமும் வேலை செய்யும். ஒழுங்காக நடக்கும் லேப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தயங்காமல் அங்கேயே கொடுங்கள்.

வீட்டில் என்று வந்தால் முடிவு செய்வது ரசாயனத்தின் ஆயுள். சி-41 டெவலப்பரைக் கலந்துவிட்டால் அது சில வாரப் பொருள்தான். காற்றுப் படப்பட அதன் வேகம் குறையும், நெகட்டிவ் மெலியும். ஒரு லிட்டர் கிட்டுக்கு ரோல் சேரும்வரை காத்திருந்தால் எடுத்த ஃபிலிம் டப்பாவில் தூங்கும். காத்திருக்காமல் கலந்தால் பாதி வீணாகும். வெப்பநிலையும் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ரோடினால் என்ற கருப்பு வெள்ளை டெவலப்பரின் அடர்கரைசல் திறந்த பாட்டிலிலேயே ஆண்டுக்கணக்கில் தாங்கும். நிறம் கருத்தாலும் வேலை செய்யும். எச்சி-110 என்ற இன்னொரு கருப்பு வெள்ளை டெவலப்பரின் பழைய பாகு வகையும் அப்படியே. இப்போது வரும் நீர்த்த வகைக்கு அவ்வளவு நீண்ட ஆயுளை எதிர்பார்க்க வேண்டாம். தேவையான சில மில்லியை மட்டும் கலந்து, கழுவியதும் கொட்டிவிடலாம். வெப்பநிலை 20 டிகிரி போதும்.

எக்ஸ்பி2-ஐ ஐஎஸ்ஓ 200-இல் எடுத்து, எச்சி-110-ஐ 1+49 கலந்து 20 டிகிரியில் 5 நிமிடம் என்று தொடங்குங்கள். 35 மிமீ ரோல் ஒன்றுக்கு 6 மிலி அடர்கரைசல், 294 மிலி தண்ணீர். முதல் 30 விநாடி தொடர்ந்து டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு நிமிடத்துக்கு நான்கு முறை. நேரம் குறைவு என்பதால் ஊற்றுவதில் சுணங்கினாலே வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். ரோடினால் என்றால் 1+100, ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை மெல்லக் கவிழ்த்தால் போதும். க்ரெயின் தூக்கலாக இருக்கும். இரண்டுமே தொடக்கப் புள்ளிகள்தான். உங்கள் கேமராவுக்கும் ஸ்கேனருக்கும் ஏற்ப ஒரு துண்டை வெட்டிச் சோதித்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

படமாகாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸரில் அவசரம் கூடாது. ஃபிலிமின் நாக்குத் துண்டு ஒன்றைப் போட்டு அது தெளியும் நேரத்தைப் பாருங்கள்; அதைப்போல இரு மடங்கு வையுங்கள். அடித்தளத்தில் ஊதாச் சாயல் நின்றால் பயப்பட வேண்டாம், ஸ்கேனில் அது தொல்லை தராது. ப்ளீச்சோ ப்ளிக்ஸோ (ப்ளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றான கரைசல்) பக்கத்திலேயே வரக்கூடாது: பட்டால் படமே போய்விடும். ஸ்கேனரில் தூசி நீக்கத்தை அணைத்துவிடுங்கள். வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால் மென்பொருள் படத்தையே தூசியாக எண்ணி அழிக்கும்.

இழப்பும் உண்டு. சாயம் வெண்மைப் பகுதிகளை அமுக்கி வைக்கும், வெள்ளி அப்படியில்லை. ஐஎஸ்ஓ 50-இல் எடுத்த ஃபிரேம் இங்கே அடர்ந்து, க்ரெயினும் கூடி நிற்கும். ரோல் முழுக்க ஒரே ஐஎஸ்ஓவில் எடுத்தால்தான் இந்த வழி சரிப்படும். புதிதாக ஃபிலிம் வாங்கி வெள்ளியில்தான் கழுவப் போகிறீர்கள் என்றால் எச்பி5 என்ற வழக்கமான வெள்ளி ஃபிலிமை வாங்குவதே மேல்.

எக்ஸ்பி2 போலவே சி-41-இல் கழுவும் கருப்பு வெள்ளை ஃபிலிமான, 2014-இல் நிறுத்தப்பட்ட கோடாக் பிடபிள்யூ400சிஎன்-இல் ஆரஞ்சு அடித்தளம் கருப்பு வெள்ளை ரசாயனத்திலும் போகாது. ஸ்கேனுக்குப் பரவாயில்லை. ஃபில்டரால் கான்ட்ராஸ்ட்டை மாற்றும் மல்ட்டிகிரேட் தாளில் ப்ரிண்ட் போட்டால் எக்ஸ்போஷர் நீளும், கான்ட்ராஸ்ட் சரியும்.

வெள்ளியில் கழுவியது பிடிக்கவில்லை என்றால் பின்னால் சாயத்துக்கு மாற்றவும் வழியுண்டு. தண்ணீரில் நன்றாக அலசிய நெகட்டிவைப் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் படம் வெளிறும்வரை வையுங்கள். மஞ்சள் போகும்வரை தண்ணீரில் அலசி, பளிச்சென்ற வெளிச்சத்தில் காட்டி, சி-41 டெவலப்பர், ப்ளீச், ஃபிக்ஸர் என்று போங்கள். முக்கியமில்லாத ஒரு துண்டில் முதலில் செய்து பாருங்கள். முதல் டெவலப்பர் எடுக்காத நிழல் விவரம் ஃபிக்ஸரோடு போய்விட்டது, அது திரும்பாது. சி-41-இல் முழுதாகக் கழுவியதை வெள்ளிக்கு இதுபோல மாற்ற முடியாது, அதில் வெள்ளியே மிச்சமில்லை.