‘கார்பன் டெஸ்ட்’ என்று ஜாடி கேட்டு வருபவரிடம் ஜாக்கிரதை

காரைக்குடிப் பக்கம் பூர்விக வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏமாந்தது நான்தான்.

பங்காளிகள் சாமான் பிரித்தபோது அப்பத்தாவின் ஜாடிகள் இரண்டு என் பங்குக்கு வந்தன. ஒன்று இடுப்பு உயரம், கறுப்பும் பழுப்புமாக மினுங்கும், தோளில் நான்கு காது. பர்மா ஜாடி என்போம். மற்றது முழங்கால் உயரம்கூட இல்லை. மேல்பாதி தேன் நிறம், கீழ்ப்பாதி பால் நிறம். அப்பத்தா உப்பு நாரத்தை போடுவது அதில்தான்.

எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு பழசு என்று தெரிந்துகொள்ள ஆசை. விவரம் தெரிந்தவர் என்று ஒருவர் வந்தார். டார்ச் அடித்தார், விரலால் சுண்டினார், பெரியதைக் கட்டிப்பிடிக்காத குறைதான். “அண்ணே, இது சீனாவுல மிங் காலத்துச் சாமான். கார்பன் டெஸ்ட் பண்ணி எத்தனை வருஷப் பழசுன்னு பேப்பர் வாங்கிட்டா லட்சக்கணக்குல போகும்.” சின்னதைக் காலால் நகர்த்தி, “இது ராணிப்பேட்டைண்ணே, அறுபதுகள்ல வந்தது. எண்ணூறு தர்றேன்” என்றார். டெஸ்டுக்குப் பன்னிரண்டாயிரம். சின்னதை விற்ற எண்ணூறைக் கழித்துக்கொண்டு மீதியை நானே எண்ணிக் கொடுத்தேன், பாருங்கள்.

மூன்று வாரத்தில் பெரிய ஜாடி லேமினேட் செய்த சான்றிதழோடு திரும்பி வந்தது. தொல்லியல் படிக்கும் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, எங்கே துளை போட்டாங்க?” என்றாள். கார்பன் கணக்கெல்லாம் உயிரோடு இருந்தவற்றுக்கு: மரம், எலும்பு, விதை. சுட்ட மண்ணுக்கு வெப்ப ஒளிர்வுச் சோதனை. கடைசியாகச் சூளையில் வெந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று அது காட்டும். அதற்கும் அடியில் துளையிட்டுக் கொஞ்சம் பொடி எடுக்க வேண்டும். ஜாடியைப் படுக்கவைத்து உருட்டி உருட்டிப் பார்த்தோம். அடியில் அப்பத்தா காலத்து அழுக்கே கலையவில்லை.

மிங் கதையும் அப்படித்தான். பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் இவற்றை மார்த்தபான் ஜாடி என்பார்கள். சீனா, சயாம், பர்மா என்று பல ஊர்ச் சூளைச் சரக்கும் அந்த ஒரே பெயரில்தான் போனது. டார்ச் அடித்துச் சொல்லிவிடக் கூடியதல்ல.

சின்ன ஜாடிதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. பங்காளிகளுக்கு அனுப்ப எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியபோது அடிப்பக்கம் ஓரத்தில் ஒரு நீள்வட்ட முத்திரை: டோல்டன், லாம்பெத். லண்டன் சரக்கு! டோல்டன் கம்பெனியின் அந்த லாம்பெத் ஆலை 1956இல் மூடப்பட்டுவிட்டது; அறுபதுகளில் வந்தது என்பது பொய். ‘டோல்டன் அண்ட் வாட்ஸ்’ என்று கம்பெனியின் பழைய பெயர் இருந்தால் 1854க்கும் முந்தையது. எங்களுடையதில் அடுத்த சொல் மங்கல். ஜாடி கையில் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் படித்திருக்கலாம். விற்குமுன் ஒருமுறை கவிழ்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று. நூறு வருஷம் தாண்டிய பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். கேட்டிருந்தால் அன்றைக்கே ஆள் கிளம்பியிருப்பார். இப்போது கேட்கப் போன் செய்தால் எடுப்பதில்லை.

போன வாரம் பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி வீட்டுக்கு அதே ஆள் போயிருக்கிறார். அதே டார்ச், அதே கார்பன் டெஸ்ட். இந்தத் தடவை பதினைந்தாயிரமாம்.