நாலு வருஷமாக ஒரே பேட்டரி

இந்த போன் கைக்கு வந்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. பேட்டரியை இதுவரை மாற்றவில்லை. செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இன்னும் மிச்சமிருப்பது, 84 சதவீதம் காட்டுகிறது. இதற்கு முன் வைத்திருந்த போனோ இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மேஜையில் கிடந்த போனில் கை பட்டதும் அது பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றி நின்றது. எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் தொப்பை போட்டிருந்தது. டிஸ்பிளே ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி, அதன் வழியே வெளிச்சம் கசிந்தது. பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்தால் இப்படித்தான் உப்பும். நான் என்னடா என்றால், கவர் பொருந்தவில்லையே என்று ஒரு மாதமாக அதை அழுத்தி அழுத்தி மாட்டிக்கொண்டிருந்தேன்! உப்பிய பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். உடனே போனை அணைத்து, துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் தரையில் வைத்தேன். சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

யோசித்துப் பார்த்தால் அதைக் கெடுத்தது சூடுதான். காரில் வெயில் அடிக்கும் டாஷ்போர்டில் மேப் ஓட, கூடவே சார்ஜும் ஏற, தடிமனான கவர் வேறு. இப்போதைய போன்களில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கு 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு ஆகாது. அதிலும் 100 சதவீதம் ஏறிய நிலையில் சூடானால் தேய்மானம் இன்னும் வேகம், ஏனென்றால் அப்போதுதான் பேட்டரியின் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்.

அதனால் இந்த போனில் நான் பிடிவாதமாக இருந்தது இரண்டே விஷயத்தில். சார்ஜ் ஏறும்போது கேம் இல்லை, தலையணைக்கு அடியில் வைப்பதும் இல்லை. தொட்டால் சுடுகிறது என்றால் கவரைக் கழற்றிவிட்டு, ஒயரையும் பிடுங்கிவிடுவேன். அப்புறம் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். பயண நாட்களில் மட்டும் 100. சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பார்கள், ஆனால் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. சில நாள் 5 வரை போகும், போகட்டும்.

"முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்று இன்னமும் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை பேட்டரி காலத்துப் பேச்சு. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள், அதாவது ஒரு முழு சார்ஜ் கணக்கு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. 80-லேயே நிறுத்துவதால் மாலை ஆறு மணிக்கே சார்ஜரைத் தேட வேண்டியிருக்கிறது. ஹெல்த் 80-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மட்டும் மாற்றுவதாக இருக்கிறேன். போன் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.