கடலடிச் சேறு அளக்கக் கிணறு வடிவ ஜெர்மானியம் டிடெக்டர்: எங்கள் மதிப்பீடு

சேற்றிலுள்ள கதிரியக்கத் தனிமங்களை, அவை விடும் காமாக் கதிர்களின் ஆற்றலை வைத்து அளக்கும் கருவி இது. சில கிராம் சேறு மட்டுமே கையில் இருந்தால் இதைவிட நல்ல கருவி இல்லை. நடுக்குழியில் வைத்த மாதிரியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சூழ்ந்து அளப்பதால் ஈயம்-210இன் 46.5 கெவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு) கோடுகூட, அதாவது அந்த ஆற்றலில் எழும் உச்சம்கூட, தெளிவாக விழுகிறது. பொட்டாசியம்-40க்கு 1460.8 கெவி, அதில் சிக்கலே இல்லை.

ரேடியம்-226தான் பொறுமையைச் சோதிக்கும். அதைப் பிஸ்மத்-214இன் 609 கெவியில் அளக்கிறோம். ரேடியம் சிதைந்து பிஸ்மத் ஆகும் வழியில், இடையில் ரேடான் என்ற வாயு இருக்கிறது. அதன் அரையாயுள் 3.8 நாள். எனவே வாயு வெளியேறாதபடி மாதிரிக் குழாயை எபாக்சிப் பசையால் அடைத்து, ரேடியத்தோடு சமநிலை வர மூன்று, நான்கு வாரம் வைத்தே ஆக வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மூடி கசியும், அளவு குறைந்தே வரும். கிணற்று வடிவில், ஒரே சிதைவில் அடுத்தடுத்து வரும் காமாக்கள் ஒன்றாகப் பதிவாகி 609 கோட்டைச் சுருக்குவது உண்மையான குறை. அதே வடிவக் குழாயில் அடைத்த, கதிரியக்க அளவு முன்பே தெரிந்த தரப் பொருளோடு ஒப்பிட்டால் சரியாகும்.

கரிமப் பொருள் மிகுந்த, ஆக்சிஜனற்ற சேற்றில், ரேடியத்துக்கு மூலமான யுரேனியம் குவியும். அதனால் கரிம அளவும் தேவை: 105 டிகிரியில் உலர்த்தி, 550இல் நான்கு மணி நேரம் எரித்து எடையிழப்பைப் பாருங்கள். களிமண் அதிகமென்றால் அதன் கட்டமைப்பு நீரும் போய்விடும், கரிமம் கூடுதலாகத் தெரியும். கடல்நீர் உப்பின் எடையைக் கழிக்கும் திருத்தத்தையும் விடாதீர்கள்.

டிடெக்டரைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் தடையின்றிக் கிடைக்காத இடத்தில், மின்குளிர்விப்பு உள்ள வகையை வாங்குங்கள்.