கை ஆபரேஷன்: பியர் பிளாக்கா, நரம்பு பிளாக்கா?

முழு மயக்கம் வேண்டாம், கை மட்டும் மரத்துப்போனால் போதும் என்பவர்களைக் குழப்புவது இந்த இரண்டும்தான்.

செய்முறை
பியர்: 1908இல் ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர் கொண்டுவந்தது. கையிலிருந்து ரத்தத்தை வடித்து, மேல்கையில் காற்றுப்பட்டையை இறுக்கி, ரத்தக்குழாயில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை ஏற்றுவார்கள்.
நரம்பு: அக்குளிலோ காறையெலும்பின் மேலோ அல்ட்ராசவுண்டில் பார்த்து, நரம்புகளைச் சுற்றி மருந்து விடுவார்கள்.

மரக்கும் வேகம்
பியர்: 5–10 நிமிடம்.
நரம்பு: 15–30 நிமிடம்.

செலவு
பியர்: குறைவு. ஸ்கேன் கருவி வேண்டாம்.
நரம்பு: கருவியும் கைதேர்ந்தவரும் வேண்டும்.

வலி
பியர்: முக்கால் மணி நேரம் போனாலே பட்டை இறுக்கம் வலிக்கத் தொடங்கும். அவிழ்த்த சில நிமிடங்களில் உணர்வு திரும்பும், வெட்டிய இடத்து வலியும் கூடவே வரும்.
நரம்பு: புபிவகெயின் என்ற மரப்பு மருந்தைப் போட்டால் பல மணி நேரம் வலி தெரியாது. முதல் ராத்திரியின் அவதியை நினைத்தால் இது சின்ன விஷயமே இல்லை.

ஆபத்து
பியர்: பட்டை சீக்கிரம் தளர்ந்தால் மருந்து மொத்தமாக ரத்தத்தில் கலந்து வலிப்பு வரலாம். அதனால் ஆபரேஷன் சீக்கிரம் முடிந்தாலும், மருந்து ஏற்றி குறைந்தது 20 நிமிடம் ஆகும்வரை அவிழ்க்க மாட்டார்கள்.
நரம்பு: காறையெலும்பின் மேல் போட்டால் நுரையீரலில் ஊசி படுவது அபூர்வம். ஆனால் ஒரு பக்க உதரவிதானம் (மூச்சுவிட உதவும் தசை) தற்காலிகமாகச் சோரலாம். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அக்குள் வழியே நல்லது.

கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நசுங்கிய நரம்பை விடுவிப்பது) போன்ற சின்ன வேலைக்குப் பியர் தாராளமாகப் போதும். மணிக்கட்டு முறிவுக்குப் பிளேட் வைப்பதென்றால் நரம்பு பிளாக்கையே கேளுங்கள். அப்புறம், உணர்வு திரும்பும்வரை கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் வையுங்கள், சூடான எதன் அருகிலும் கொண்டுபோகாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.